பீரோ சின்னத்துக்கு விழுந்த ஓட்டுகள்

1

சுவீடிஷ் மொழியில் ஓட்டுப் போடுவதற்கும் துருப்பிடிப்பதற்கும் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். உதட்டைக் குவித்துக்கொண்டு 'எ' சொல்ல வேண்டிய இடத்தில் நம் வழக்கப்படி 'ஒ' சொன்னால் அர்த்தம் மாறிவிடும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, இந்த நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பெருமையில், படிக்கட்டில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு பிர்கித்தாவிடம், "நான் துருப்பிடித்துவிட்டேன்" என்று சொன்னேன். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனக்கும் மூட்டெல்லாம் அப்படித்தான் இருக்கிறது, உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போ என்றார்.

நாங்கள் இருப்பது லின்ஷோப்பிங் என்ற நடுத்தர ஊர். நான் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தைச் சரியாக வைத்திருப்பது என் பொறுப்பு. கணவர் சரவணன் திண்டிவனத்துக்காரர், இங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மகள் ஓவியாவுக்குப் பதினான்கு வயது. நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் சுவீடிஷில் வரும்.

தேர்தலுக்கு மறுநாள் பிர்கித்தா தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எங்கள் தெருவுக்கான வாக்குச்சாவடி பக்கத்து நூலகம். அந்த ஒரு நூலகத்தில் மட்டும் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு, போன முறை எத்தனை, அதற்கு முந்தின முறை எத்தனை என்று எல்லாம் வரிசையாக இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தெருவில் இந்த முறை சிலர் மனம் மாறியிருக்கிறார்கள், அது யாராக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே அவர் இரண்டு துண்டு கேக் தின்று முடித்தார். ஊகிக்கத்தான் முடியும், தெரிந்துகொள்ள முடியாது. அதுதான் அவருக்குப் பிடித்த விளையாட்டு.

அன்று மாலை அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது, என் சொந்த ஊரான செஞ்சிக்கு இப்படி ஏதாவது இருக்கிறதா என்று சும்மா தேடிப் பார்த்தேன். அந்தச் 'சும்மா' மூன்று வருட வேலையாகிவிட்டது.

2

நம் ஊரில் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஒரு படிவத்தில் எழுதுகிறார்கள், அதை இணையத்திலும் ஏற்றுகிறார்கள். ஆனால் காகிதத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். சில பக்கம் சாய்ந்திருக்கும், சில பக்கம் தலைகீழாக இருக்கும், சிலவற்றில் ரப்பர் ஸ்டாம்ப் சரியாக எண்கள் மேலேயே விழுந்திருக்கும். மனிதக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால்தான் கூட்டவோ ஒப்பிடவோ முடியும். பழைய தேர்தல்கள் சிலவற்றுக்கு அந்தப் படமும் இல்லை.

செஞ்சித் தொகுதியை மட்டும் செய்வோம் என்றுதான் உட்கார்ந்தேன். குழாய்களோடு பழகியவளுக்கு இது ஒத்துப்போகும் வேலை. பெயர் மாறும், எண் மாறும், ஒன்று இரண்டாகப் பிரியும், ஆனால் தரையில் இருப்பது அதே இடம். தொகுதி எல்லைகளைத் திருத்தி எழுதியபோது சில ஊர்கள் வேறு தொகுதிக்குப் போயிருந்தன. தொண்டூர் என்ற ஒரே ஊர் ஒரு தேர்தலில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும், அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. அனந்தபுரத்துக்கு மட்டும் நான் கண்ட எழுத்துக்கூட்டல்களை வைத்து ஓவியாவுக்கு ஒரு பரீட்சையே நடத்தலாம்.

அவள் இதற்குள் வந்தது தற்செயல்தான். வாக்குச்சாவடிகளுக்கு நம் ஆட்கள் எழுதும் விலாசத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, கிழக்கு பார்த்த தார்சு கட்டிடம், தெற்குப் பகுதி.' என் தோளுக்குப் பின்னால் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தவள், தார்சு என்றால் கான்கிரீட் கூரை என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல், கட்டிடம் எதைப் பார்க்கிறது என்று கேட்டாள். கிழக்கைப் பார்க்கிறது என்றேன். ஏன் கிழக்கைப் பார்க்க வேண்டும், அங்கே என்ன இருக்கிறது என்றாள். சுவீடனில் கட்டிடங்கள் எதையும் பார்ப்பதில்லையாம், சும்மா நிற்குமாம். அதன்பிறகு அவள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும், இன்று எந்தக் கட்டிடம் எதைப் பார்க்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று இரண்டு வருடம் அடம்பிடித்தவள், வாக்குச்சாவடிகளின் புண்ணியத்தில் திசைகள் நான்கையும் கற்றுக்கொண்டாள்.

முதல் தொகுதி முடிந்து இணையதளம் போட்டதும், எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள். துபாயில் இருக்கும் ஒருவர் வந்தவாசியை எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் ஒரு தம்பதி மயிலத்தை. மெல்போர்னில் டாக்ஸி ஓட்டும் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று தொகுதிகளைத் தனியாளாக முடித்தார். பார்த்தால் எல்லாருமே ஊரைவிட்டு வந்தவர்கள். பாதிப் பேருக்கு அங்கே ஓட்டே கிடையாது.

எனக்கும் இல்லை. சுவீடன் பாஸ்போர்ட் வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் ஊருக்கு வந்துபோக ஓர் அட்டை, அந்த அட்டைக்கு இன்ன அளவில் போட்டோ என்று ஒரு வசந்தகாலம் முழுக்க ஓடியது. கடைசியில் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது என்று ஆயிற்று. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். அதை நைனாவிடம் போனில் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அப்ப நான் மறுபடி நின்னா ஒரு ஓட்டு கொறையுமா" என்றார்.

3

நைனாவைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

பெயர் வேலாயுதம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வோல்டேஜ் ஏறி இறங்கி, கிணற்று மோட்டார் புகைந்தால், ஜனங்கள் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவரிடம் வருவார்கள். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது அவர் திடீரென்று சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஒரே கோரிக்கை: வோல்டேஜ் சீராக வர வேண்டும். வோல்டேஜ் சீராக வந்தால் உன் கடையை மூட வேண்டியதுதான் என்று கேட்டவர்களுக்கு, "மூடிட்டுப் போறேன், தெனம் ஒருத்தன் வந்து அழுவறத பாக்க முடியல" என்றார்.

அடிபம்பு சின்னம் கேட்டார். குலுக்கலில் அது வேறொருவருக்குப் போய், இவருக்கு அலமாரி வந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் அலமாரி என்று சொல்வதில்லை, பீரோதான். அம்மாவின் கல்யாணச் சீராக வந்த பச்சை நிற பீரோவை ஒரு டயர் வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நைனா கிராமம் கிராமமாகப் போனார். பல இடங்களில் தவணைக்கு பீரோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெண்கள் விலை கேட்டார்கள். தேர்தல் முடியும்வரை அம்மா தன் புடவைகளைக் கொடியில் போட்டு வைத்திருந்தாள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

டெபாசிட் போனது எல்லாருக்கும் தெரியும். எத்தனை ஓட்டு விழுந்தது என்பதுதான் தெரியாது. எண்ணும் இடத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டுத் தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு விசாரிக்கவே இல்லை. விசாரிக்காதவரை ஒரு வசதி இருந்தது. முதலில் 'ஆயிரத்துக்குக் கொறையாது' என்றார். என்னைப் பெண் பார்க்க சரவணன் வீட்டார் வந்தபோது அது 'ரெண்டாயிரம், சுளையா' என்று ஆகியிருந்தது. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அந்த ரெண்டாயிரம் கிடைக்கும்.

நைனா நின்ற தேர்தலின் தாள்கள் இணையத்தில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்றால், அதன்படி கேட்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நான் கேட்க முடியாது. ஆகவே மனுவை நான் இங்கே தட்டச்சு செய்து அனுப்ப, நைனா அதில் கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினார். பழைய தொகுதியா புதிய தொகுதியா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. பழையது என்று பதில் போட்டதும், தாள்கள் அதிகம், நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும் என்று இன்னொன்று வந்தது. நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விழுப்புரம் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மாள் தாள்கட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, எதுக்கு சார் இதெல்லாம் என்று சும்மா கேட்டிருக்கிறார். "நானும் இதுல ஒரு வேட்பாளருங்க" என்று நைனா சொன்னதும் நாற்காலி வந்தது, டீ வந்தது. வாட்ஸப்பில் பக்கம் பக்கமாகப் படம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், எதையும் படிக்கவில்லை என்று கடைசியில் ஒரு குரல்பதிவு. அவர் கண்ணாடியை மறக்கிற ஆள் இல்லை.

4

அந்தத் தாள்களில் வலது ஓரத்துக் கடைசிப் பத்தி நைனாவுடையது. ஓட்டு இயந்திரத்தில் சுயேச்சைகளை அகரவரிசையில் போடுவார்கள், 'வே' என்பதால் எல்லாருக்கும் கீழே அவர். நான் எண்களை ஏற்றிக்கொண்டே வந்தேன். சைபர், ஒன்று, இரண்டு, சைபர், மூன்று. எங்கள் வீடு இருக்கும் சாவடியில் கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டில் அப்போது ஓட்டு உள்ளவர்கள் மூன்று பேர். எண் அதைவிடப் பெரிது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொத்தம் நானூறும் சொச்சமும்.

இரண்டு முறை கூட்டினேன். மூன்றாம் முறை ஓவியா கூட்டினாள். தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது அவள், இந்த ஒரு தேர்தலை மட்டும் விட்டுவிடலாமே என்றாள். அது எனக்கும் தோன்றாமல் இல்லை. இத்தனை ஆயிரம் சாவடிகளில் ஒரு பழைய தேர்தல் இல்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மெல்போர்ன் டாக்ஸிக்காரர் தன் மாமா தோற்ற கணக்கையும், துபாய்க்காரர் தன் சொந்த ஊர் கட்சி மாறிய கணக்கையும் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். நான் மட்டும் எடுத்துவிட்டால் அப்புறம் அது பொதுக் கணக்கா, எங்கள் வீட்டுக் கணக்கா?

நைனாவே போன் செய்தார். கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னுது வந்துச்சா?"

"வந்துச்சு நைனா."

"எவ்ளோ?"

சொன்னேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கடைப்பையனிடம் கை காட்டியிருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"கூட்டல் சரியா போட்டியா?"

"மூணு தடவ போட்டாச்சு. ஓவியாவும் பாத்தா."

பிறகு, "சரி, போடு" என்றார். "வேற ஒருத்தன் ஏத்திப் போடச் சொன்னா நீ போடுவியா? போட மாட்ட இல்ல? அப்புறம் எனக்கு மட்டும் இன்னா."

சரி நைனா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, நீ ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டாம், கம்ப்யூட்டரில் கிடக்கட்டும், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சேர்த்துக்கொண்டார். பார்த்தவர் என் மாமனார். ஏற்றிய அதே வாரம் திண்டிவனத்திலிருந்து நைனாவுக்குப் போன் போட்டு, சம்பந்தி, ஒரு சைபர் எங்கேயோ விழுந்துபோச்சு போலிருக்கே என்று விசாரித்திருக்கிறார். நைனா இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டார்.

ஆனால் போனை வைப்பதற்கு முன் நான் இன்னொன்றும் சொல்லியிருந்தேன். தொண்டூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். எங்கள் சாவடி போக, மற்ற சாவடிகளிலெல்லாம் ஒன்றும் இரண்டுமாக வாங்கியவருக்கு அந்த ஒரே சாவடியில் எழுபதுக்கு மேல் விழுந்திருந்தது.

"அந்த ஊர்லயா?" என்றார் நைனா. "அங்க எனக்கு ஆளே கெடையாதே. வண்டிகூட அங்க போவலியே."

5

அடுத்த சில மாதங்கள் நைனா அந்த எழுபது ஓட்டுடன்தான் வாழ்ந்தார். இங்கே பனி பெய்து, உருகி, மறுபடி பெய்து, ஓவியாவின் பூட்ஸ் ஓர் அளவு பெரிதானது. வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து புதிதாக ஒரு காரணம் சொல்வார். அந்த ஊர்க்காரர் ஒருவருக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் மோட்டார் சரிசெய்து கொடுத்தது ஞாபகம் வந்திருக்கிறது, அவர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் கூட்டு ரோட்டில் பேசிய பேச்சை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரோ கேட்டிருக்க வேண்டும், அன்றைக்குப் பேச்சு நன்றாக அமைந்தது.

ஓவியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வாய்ப்பு இருக்கிறது, வாய்ப்பு இல்லை என்று தன் உடைந்த தமிழில் தீர்ப்புச் சொல்வாள். முன்பெல்லாம் தாத்தா வீடியோவில் வந்தால் கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுபவள். இப்போது அரைமணி நேரம் இருவரும் வாதாடினார்கள். சுவீடிஷில் தேர்தலுக்கு 'வால்' என்று பெயர். அதை அவரிடம் அவள் சொல்லிவைத்ததால், "உங்க ஊரு வால் எப்ப? எங்க வால் அடுத்த வருசம்" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அந்த ஊருக்கே போய்க் கேட்டுவிடலாமே என்று நான் சொன்னபோதெல்லாம், நீ வா, சேர்ந்து போவோம் என்று தள்ளிப்போட்டார். வேலை இருக்கிறது என்றார். அம்மாதான் ரகசியமாகச் சொன்னாள்: "மெஷின்ல ஏதாச்சும் தப்பா ஏறியிருந்தா இன்னா பண்றதுன்னு பயப்படுறாரு. அதுவும் போச்சுன்னா மனுசனுக்கு ஒண்ணுமே இல்ல."

6

போன ஜூலையில், இங்கே எல்லாருக்கும் நீண்ட விடுமுறை வரும் சமயத்தில், நானும் ஓவியாவும் செஞ்சிக்குப் போனோம். வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நைனா அதே விழுப்புரம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சித்தப்பா மகன் காரில் கொண்டுபோய் அந்த ஊரில் இறக்கிவிட்டு, வந்தவாசியில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

நிலக்கடலை பிடுங்கிப் போட்ட வாசனை ஊர் முழுக்க இருந்தது. முதலில் பள்ளிக்கூடம் வந்தது. ஓவியா கேட்டுக்கு வெளியே நின்று, சூரியன் இருக்கும் பக்கத்தைப் பார்த்து, கட்டிடத்தைப் பார்த்து, "கிழக்கு பார்த்த தார்சு கட்டிடம்" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னாள். மிட்டாய் விற்றுக்கொண்டிருந்த ஆள் பயந்து திரும்பிப் பார்த்தார்.

டீக்கடையில் இருந்த ஒருவரிடம் நைனா பேச்சுக் கொடுத்தார். மழை எப்படி, கடலை விலை எப்படி என்று சுற்றிச் சுற்றி வந்து, ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்தலில் பீரோ சின்னத்தில் ஒருவர் நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஆள் டீக்கிளாஸை வைத்துவிட்டு நைனாவை உற்றுப் பார்த்தார்.

"நீங்களா அது?"

நைனா தலையாட்டினார். அந்த ஆள் எழுந்து எங்களை அழைத்துக்கொண்டு ஊரைத் தாண்டி, வயல் ஓரமாகப் போய், காலனித் தெருவுக்குள் நுழைந்து, ஒரு மாடிவீட்டின் முன் நின்று குரல் கொடுத்தார்.

"மலரு, ஒங்க பீரோ வந்துருக்காரு பாரு."

மலர்க்கொடி வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். அரசுப் பள்ளியில் ஆசிரியை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கும்பிட்டார். நாற்காலிகள் வந்தன, குளிர்ந்த கலர் சோடா வந்தது, அக்கம்பக்கத்தில் இருந்து ஆட்களும் வந்தார்கள். நைனா நேராகக் கேட்டுவிட்டார்.

"எனக்கு எதுக்கும்மா இவ்ளோ பேரு போட்டீங்க? என்ன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்" என்றார் மலர்க்கொடி. "யாருன்னே தெரியாது. அதனாலதான் போட்டோம்."

அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் டவுன் பஸ் ஊர் வரைக்கும் வந்து திரும்பிவிடும். காலனிக்கு வராது. மழைக்காலத்தில் பிள்ளைகள் வயல் வரப்பில் நடந்து ஊர் எல்லைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் போகிறவர்களும் அப்படித்தான். கேட்காத கட்சி இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் செய்யவில்லை. அப்போது மலர்க்கொடி கல்லூரியில் முதல் வருடம், முதல் ஓட்டு. இந்தமுறை யாருக்கும் போடுவதில்லை என்று தெருவில் பேச்சு வந்தது. நோட்டா பொத்தான் அன்றைக்குக் கிடையாது. 49ஓ என்று ஒரு விதி இருந்தது, ஆனால் சாவடிக்குள் போய், எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லை என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யார் போட்டார்கள் என்று வெளியே நிற்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். மலர்க்கொடிதான் வழி சொல்லியிருக்கிறார். யாருக்குமே தெரியாத ஓர் ஆளுக்கு எல்லாரும் சேர்ந்து போடுவோம். கடைசிப் பொத்தான் என்று சொல்லிவைத்தால் படிக்காதவர்களுக்கும் குழப்பம் வராது.

"கடைசி பட்டன் நீங்க" என்றார்.

முடிவு வந்த வாரமே கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்களாம். ஒரு தரப்பு கோபத்தோடு வந்தது, மறு தரப்பு சந்தேகத்தோடு. எந்தச் சாவடியில் எத்தனை குறைந்தது என்ற கணக்கு அவர்கள் சட்டைப்பையில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் அடுத்து நின்றது. அதற்கு முன்னால் பஸ் காலனிக்குள் வந்துவிட்டது.

நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் கவனித்தேன். இத்தனை மாதம் அவர் கட்டிவைத்திருந்த தீபாவளி மோட்டாரும் கூட்டு ரோட்டுப் பேச்சும் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டன. நாற்காலியில் இன்னும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டயாச்சும் வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க செஞ்சி பூரா சொல்லியிருப்பீங்க சார்."

மலர்க்கொடி விளையாட்டாகத்தான் சொன்னார், நைனாவைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் சொன்னார். நானும் ஓவியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது நைனாதான்.

"அது சரிதான்" என்றார். "பீரோ என்னுது. உள்ள வச்ச சாமான் ஒங்களுது."

அதோடு முடிந்திருக்கும். ஒரு பெரியவர்தான், ஆமாம், எத்தனை ஓட்டு விழுந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று கேட்டார். கட்சிக்காரர்களுக்கு அன்றே தெரிந்த எண், போட்டவர்களுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. ஓவியா போனை எடுத்து எங்கள் தளத்தைத் திறந்து, அந்தச் சாவடியைத் தொட்டு, எண்ணைத் தமிழில் தப்பில்லாமல் வாசித்தாள்.

மலர்க்கொடி எட்டிப் போனைப் பார்த்தார்.

"அவ்ளோ வராதே" என்றார் மலர்க்கொடி. "நாங்க பேசி வச்சது ஒரு அம்பது பேரு. அதுலயே ரெண்டு மூணு பேரு அன்னிக்கு வேலைக்குப் போயிட்டாங்க."

அவர் பெயர்களைச் சொல்லிச் சொல்லி விரல் மடக்கினார். மற்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். எப்படி எண்ணினாலும் இருபதுக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்தச் சாவடியில் ஓட்டுப் போடுபவர்கள் இரண்டு பக்கத்துக்காரர்கள்தான். காலனி, இல்லாவிட்டால் ஊர்.

"அப்ப அந்தப் பக்கத்துலயும் யாரோ நமக்காவ போட்டிருக்காங்க" என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

மலர்க்கொடி எங்களுக்குப் பின்னால், வயலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஊரின் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த டீக்கடை ஆள் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர். அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். மலர்க்கொடி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "ஒருத்தருகூட இல்லன்னுதான் இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மலர்க்கொடி. கண்ணைத் துடைத்துக்கொண்டதில் சிவப்புப் பேனாவின் மை கன்னத்தில் இழுத்துவிட்டது.

நைனா கனைத்துக்கொண்டார்.

"இல்லாட்டி, அந்த இருபது எனக்கே விழுந்ததாவும் இருக்கலாம். வோல்டேஜுக்காவ."

தெருவே சிரித்தது. அவர் விடவில்லை. ஊர்ப்பக்கத்தில்தான் கிணறுகள் இருக்கின்றன, கிணறு இருந்தால் மோட்டார் இருக்கும், மோட்டார் இருந்தால் வோல்டேஜ் கவலை இருக்கும் என்று வரிசையாக வாதம் வைத்தார். வாய்ப்பு இருக்கிறது என்று ஓவியா தீர்ப்புச் சொன்னாள். கடைசியில் மலர்க்கொடி, பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். எது உண்மை என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. பிர்கித்தா அங்கே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இதைப் பற்றி எழுதலாமா என்று மலர்க்கொடியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "டேட்டாபேஸ்ல ஊர் பேரு இருக்கட்டும். அது எல்லாருக்கும் உண்டானது. நீங்க எழுதற கதையில வேணாம்" என்றார். ஆகவே ஊர்ப்பெயர் இங்கே இல்லை. கூடவே, தங்கள் பக்கத்து ஊர்களின் பழைய தாள்களைத் தாமே ஏற்றித் தருவதாகவும், பத்தாம் வகுப்பு விடைத்தாளைவிட அது சுலபமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். இப்போது எங்கள் குழுவில் ஊரிலேயே இருந்து வேலை செய்கிற முதல் ஆள் அவர்தான்.

7

திரும்புவதற்குச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன், இன்னும் இரண்டு மணிநேரம் ஆகும் என்றான். பஸ் இப்போது வந்துவிடும், அதில் போங்களேன் என்றார் மலர்க்கொடி. தானும் செஞ்சி வரை வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். காலனித் தெரு முனையில் வேப்பமரத்தடியில் நின்றோம். ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வயல் ஓரமாகத் திரும்பி, நேராக எங்களை நோக்கி வந்து, அங்கேயே வட்டமடித்து நின்றது.

நைனா ஏறவில்லை. பஸ்ஸின் முன்பக்கத்தை, போர்டை, டயரை எல்லாம் ஒருமுறை நின்று பார்த்தார். டிரைவர், பெரியவரே ஏறுங்க என்றதும்தான் ஏறினார். ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் கடலை மூட்டையோடு ஓர் இளைஞன். நாங்கள் மூவரும் பின்சீட்டில்.

கண்டக்டர் வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் மூவருக்கும் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நைனாவிடம் போனார். அந்தப் பஸ்ஸில் எங்கள் கூட்டத்தில் டிக்கெட் வாங்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். நான் எழுந்து காசு கொடுக்கப் பார்த்தேன். கையால் உட்காரச் சொன்னார். இந்தப் பஸ் வந்ததே தாத்தாவால்தான், அவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஓவியா சுவீடிஷில் என்னிடம் நியாயம் கேட்டாள். மலர்க்கொடி அர்த்தம் கேட்க, நான் சொன்னேன். அவர் அவள் தலையைத் தடவினார்.

"செஞ்சி ஒண்ணு" என்றார் நைனா, சரியான சில்லறையாக எடுத்து நீட்டி.

இப்போது கண்டக்டரிடம் ஆரம்பிக்கப்போகிறார் என்று நானும் ஓவியாவும் காத்திருந்தோம். ஆரம்பிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். வயல் போனது, கரும்பு போனது, தூரத்தில் கோட்டை மலைகள் தெரியத் தொடங்கின. இரண்டு ஸ்டாப் அப்படியே போனது. எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஸ்டாப் தாண்டியதும் அவர் தோள் மெல்லத் திரும்பியது.

"தம்பி" என்றார், கடலை மூட்டைக்காரனிடம். "இந்த பஸ்சு எப்படி வந்துச்சு தெரியுமா?"